நாலு திறப்புப் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். மார்ட்டின் லுத்தர் வழிவந்த லுத்தரன் சபையில் ஊழியமும் சபை வாழ்க்கையும் எப்படி நடக்கிறது என்று பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைப் பேசுவது கொஞ்சம் வில்லங்கம்தான். இங்கே கத்தோலிக்கரைத் தெரியும், அமெரிக்கன் மிஷன் வழிவந்த தென்னிந்திய திருச்சபையைத் தெரியும், அங்கிலிக்கன், மெதடிஸ்ட் எல்லாம் தெரியும். லுத்தரன் ஆக்கள் இலங்கையில் பெரும்பாலும் மலையகத் தோட்டப் பக்கம். இங்கே நாங்கள் சில குடும்பங்கள்தான். 'நீங்கள் புதுச் சபையோ?' என்று பக்கத்து வீட்டுக்காரரே கேட்பார்.

புதுசு இல்லை. லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706இல். அந்த வழி யாழ்ப்பாணத்துக்கும் எட்டியிருக்கிறது. தஞ்சாவூர்ச் சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற கிறிஸ்டியன் டேவிட் 1801இல் இங்கே வந்து ஊழியம் செய்தார். 1824இல் பிஷப் ஹீபர் கையால் கல்கத்தாவில் அங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்றார். அவரை எங்கள் கணக்கில் சேர்க்க எனக்கு ஆசைதான், அங்கிலிக்கன் நண்பர்கள் விடமாட்டார்கள்.

கணக்கு என்றதும் சொல்லிவிடுகிறேன், நான் போதகர் இல்லை, சபைப் பொருளாளர். அதனால் பிரசங்கபீடத்தைப் பற்றி அவர் பேசட்டும், நான் பெட்டியைப் பற்றிப் பேசுகிறேன்.

ஜெர்மனியில் சாக்சனிப் பக்கம் லைஸ்னிக் என்று ஒரு சின்ன ஊர். கத்தோலிக்க சபையைச் சீர்திருத்தக் கிளம்பின மார்ட்டின் லுத்தரின் காலத்தில் அந்த ஊர்ச் சபையும் அவர் பக்கம் வந்தது. வந்தவுடன் ஒரு கேள்வி: கோயிலுக்கென்று தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த காணிபூமி, தர்மப் பணம் எல்லாவற்றையும் இனி என்ன செய்வது? லுத்தரிடம் ஆலோசனை கேட்டு ஓர் ஒழுங்கு எழுதினார்கள். 1523இல் அவரே முகவுரை எழுதி அதை அச்சிடுவித்தார். எல்லா வருமானமும் கோயிலில் வைக்கும் ஒரே பொதுப் பெட்டிக்குள் போகவேண்டும். போதகருக்கும், பள்ளிக்கூடத்துக்கும், வயதானவருக்கும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கும் அதிலிருந்துதான் கொடுக்கவேண்டும். ஊருக்குப் புதிதாக வந்து தொழில் தொடங்குகிறவருக்குக் கடனும் அதிலிருந்தே. பஞ்சம் வந்தால் என்று தானியம் வாங்கி வைக்கவும் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது பூட்டுத்தான். அந்தப் பெட்டிக்கு நாலு பூட்டு, நாலும் வேறு வேறு. ஒரு திறப்பு பிரபுக்களிடம், ஒன்று நகரசபையிடம், ஒன்று ஊர்க்குடிகளிடம், ஒன்று கமக்காரரிடம். மற்ற மூன்று பேரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், கமக்காரன் தன் திறப்போடு வந்து நிற்காமல் பெட்டி திறபடாது. பெட்டியைப் பார்த்துக்கொள்ளப் பத்துப் பேர், ஞாயிறுதோறும் கூடவேண்டும். அந்தப் பத்தில் கமக்காரர் மூன்று பேர்.

அது ஒழுங்காக நடந்ததா என்றால், இல்லை. நகரசபை தன் கையில் இருந்த சொத்தைப் பெட்டிக்கு விட்டுக்கொடுக்க மறுத்து இழுத்தடித்தது, லுத்தரும் மனம் சலித்தார். சொத்து கைமாறுவது எந்த ஊரில்தான் சுகமாக நடந்திருக்கிறது?

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். நிவாரண வரிசையில் நின்ற அனுபவம் கேட்கிறவர்களில் அநேகருக்கு இருக்கும். பொதியைக் கையில் தந்துவிட்டு 'அம்மா, இந்தப் பக்கம் பாருங்கோ' என்று படம் எடுப்பார்கள். கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டப் படம் வேண்டுமாம். அந்த அம்மா பருப்பையும் மாவையும் அணைத்துக்கொண்டு சிரிக்கவேண்டும். எனக்கு அதைக் கண்டால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெட்டிக்கு ஒரே திறப்பு, அது கொடுக்கிறவரின் சட்டைப் பையில். வாங்குகிறவரிடம் ஒரு திறப்பு இருந்திருந்தால் முதலில் அந்தக் கமெராவைத்தான் பூட்டியிருப்பார்.

எங்கள் சபையில் பிடியரிசி இருக்கிறது. இது எங்களுக்கு மட்டும் உரியது இல்லை, கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்று சைவ வீடுகளிலும் எடுத்துவைத்தார்கள்தானே. உலையில் போட அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியாக ஒரு பேணியில் போடுவது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேணிகளை வாங்கிக் கொட்டி அளக்கிறவர் ஒரு அக்கா. அவருடைய வீட்டுக்கே சில மாதம் அந்த அரிசி போயிருக்கிறது. அவர்தான் இப்போது எங்கள் உதவிக் குழுவிலும் இருக்கிறார். கூப்பிட்டபோது 'வாங்கித் தின்றவளுக்கு அங்கே என்ன வேலை?' என்றார். அதுதான் வேலை என்றோம். முதல் கூட்டத்திலேயே, உதவியை வழிபாடு முடிந்து எல்லாருக்கும் முன்னால் கொடுக்காதீர்கள், பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இப்போது வருடாந்தக் கூட்டத்தில் எவ்வளவு அரிசி, எவ்வளவு காசு என்று வாசிப்பேன், யாருக்கு என்று வாசிக்கமாட்டேன். அந்தக் கொப்பியில் பெயரே இல்லை.

இப்போது ஏலத்துக்கு வருகிறேன். அறுப்பின் பண்டிகைக்குப் பிறகு காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவது பல சபைகளில் உண்டு. இதரை வாழைக் குலை, பூசணிக்காய், புழுக்கொடியல், கோழி, எல்லாம் வரும். கோழி பிரசங்கத்தின் நடுவில் கத்தும், அது வேறு கதை. ஒருமுறை ஒரு ஆச்சி முருங்கைக்காய்க் கட்டு ஒன்று கொண்டுவந்தார். வாழைநாரால் கட்டி, நுனிகளை ஒரே மட்டத்துக்கு நறுக்கி, அவ்வளவு வடிவாக. சந்தையில் கொடுத்தால் சோடாக் காசு கிடைக்கும், அவ்வளவுதான். நூறு ஒருதரம், நூறு இரண்டுதரம் என்கிறபோது ஒரு பெடியன் இருநூறு என்றான். இன்னொருவன் முந்நூறு. இருவரும் ஒரே பந்து விளையாட்டுக் குழு, விட்டுக்கொடுப்பார்களா? ஆயிரத்தில் ஒருவன் எடுத்து, எடுத்த கையோடு 'திரும்ப விடுங்கோ' என்று மேசையில் வைத்துவிட்டான். மறுபடி ஏலம். அதை எடுத்த வாத்தியாரும் திருப்பி வைத்தார். கடைசியில் கட்டு வந்துசேர்ந்தது அந்த ஆச்சியிடமே. ஐம்பது ரூபாய்க்கு அவரே கேட்டார், மேலே கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. 'என்ர முருங்கைக்காய்க்கு இவ்வளவு மரியாதையோ' என்று சிரித்துக்கொண்டே கொண்டுபோனார்.

அப்புறம் வாட்ஸ்அப் வந்தது. இப்போது டொரொண்டோவில் இருந்து, லண்டனில் இருந்து கேட்கிறார்கள். ஒரு பூசணிக்காய்க்கு அங்கே இருந்து இருபதாயிரம் என்று விழுந்தால் இங்கே கை தூக்கினவர் கையை இறக்கிவிடுவார். நிதிக்கு நல்லதுதானே என்று எங்கள் குழுவிலேயே சிலர் கேட்டார்கள். பொருளாளர் நானே வேண்டாம் என்றேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பட்டும், மனதார அனுப்புகிறார்கள், அது பெட்டிக்குள் போகட்டும், ஏலத்துக்குள் வேண்டாம். ஐம்பது ரூபாயோடு வருகிறவருக்கும் ஏலத்தில் இடம் இருக்கவேண்டும். இதை நான் எங்கே போனாலும் சொல்லுவேன், வானொலியிலும் சொல்லிவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். பாட்டைப் பற்றியும் பேச எழுதிவைத்திருந்தேன். பப்ரிசியுஸ் ஐயர் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் கொண்டுவந்தது, வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக மெட்டில் கீர்த்தனை கட்டினது, எங்கள் சபையில் இரண்டுக்கும் இன்றைக்கும் நடக்கிற இழுபறி... ஆர்மோனியம் வாசிக்கிறவர் கீர்த்தனைப் பக்கம், போதகர் ஞானப்பாட்டுப் பக்கம். திடப்படுத்தலுக்கு, அதாவது தங்கள் விசுவாசத்தைச் சபை முன் உறுதிப்படுத்துவதற்கு, படிக்கிற பிள்ளைகளுக்கு 1529இல் லுத்தர் கேள்வி பதிலாக எழுதின சின்ன ஞானோபதேசத்தைத்தான் இன்னும் சொல்லிக்கொடுக்கிறோம், அதையும் சொல்ல இருந்தேன். விரல் ஒன்றாகிவிட்டது.

ஒரு அறிவித்தல் மட்டும். எங்கள் ஏலத்துக்கு எந்தச் சபைக்காரரும் வரலாம், சைவக்காரரும் வரலாம், போன முறை வந்தார்கள். சில்லறையாகக் காசு கொண்டுவாருங்கள், மிச்சம் கொடுக்க என்னிடம் இராது. வணக்கம்.