89 நாள்: மாற்று வரலாற்றைச் சோதித்துப் பார்ப்பது எப்படி

நேயர்களுக்கு வணக்கம்.

“வாஸ்கோ ட காமாவுக்கு ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள மாலிந்தியில் வழிகாட்டி மாலுமி கிடைக்காமல் போயிருந்தால்?” மாற்று வரலாறு பேசுகிற இடங்களில் முதலில் வந்து விழுகிற கேள்வி இது. கேட்ட மாத்திரத்தில் பதிலும் வந்துவிடும்: காமா கடலில் தொலைந்திருப்பார், கோழிக்கோடு தப்பித்திருக்கும், கோவா விழுந்திருக்காது, பின்னால் வந்தவர்களும் வந்திருக்க மாட்டார்கள். மூன்று வரியில் நானூறு ஆண்டைத் துடைத்துப் போட்டாயிற்று. இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே, இப்படிப்பட்ட கற்பனைகளை எப்படிச் சோதிப்பது என்று இன்றைக்குப் பார்ப்போம்.

முதலில் ஒரு நாள்காட்டியை எடுத்து வையுங்கள். காமா மாலிந்தியை விட்டுப் புறப்பட்டது 1498 ஏப்ரல் 24. கோழிக்கோட்டுக் கரையில் நங்கூரம் போட்டது மே 20. மொத்தம் 26 நாள். அது தென்மேற்குப் பருவக்காற்று எழும்புகிற சமயம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மலபாருக்கு முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுகிற காற்று. அந்தத் துறைகளில் குஜராத்திகளும் அராபியரும் வருடந்தவறாமல் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். மாலிந்தியில் ஆள் கிடைக்காவிட்டால் இன்னொரு துறையில், இன்னும் கொஞ்சம் கூலிக்குக் கிடைத்திருப்பார். ஆகவே, வழி தெரியாமல் போயிருக்கும் என்பது நிற்காது.

ஆனால் தாமதம்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. கோழிக்கோடு திறந்த கரை, காற்றுக்கு மறைவில்லை. மே மாதக் கடைசியிலேயே, அங்கே கப்பலை நிறுத்துவது ஆபத்து என்று கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் ஆட்கள் காமாவின் கப்பல்களை வடக்கே பந்தலாயினிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆறு வாரம் பிந்தி, ஜூலையில் வந்திருந்தால் அந்தக் கரையில் ஒதுங்கவே இடமிருந்திருக்காது. அந்த மாலுமியால் காமாவுக்குக் கிடைத்த பெரிய லாபம் தேதிதான். உங்கள் கதையில் அவரை நீக்குவதானால், எத்தனை வாரத்தை நீக்குகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இனி திரும்பி வந்த கதை. என்னைக் கேட்டால், மாற்று வரலாறு எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. வரலாறே ஒரே கடலில் இரண்டு விதமாகச் செய்து காட்டிய சோதனை அது. கோழிக்கோட்டில் மனக்கசப்பு முற்றி, காமா ஆகஸ்ட் 29 அன்று கிளம்பிவிட்டார். கார்வாருக்குப் பக்கத்தில் அஞ்சதீவில் கப்பல்களைச் சாய்த்துச் சுத்தம் செய்து, தண்ணீர் பிடித்துக்கொண்டு, அக்டோபர் 5 அன்று மேற்கே பாய் விரித்தார். அக்டோபர் இரண்டுங்கெட்டான் மாதம். தென்மேற்கு ஓய்ந்திருக்கும், வாடை இன்னும் ஊன்றியிருக்காது. அசைவற்ற கடல், அவ்வப்போது எதிர்க்காற்று. ஆப்பிரிக்கக் கரை கண்ணில் பட்டது 1499 ஜனவரி 2. போகும்போது 26 நாளில் கடந்த கடலுக்குத் திரும்பும்போது 89 நாள்.

இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் உடம்பு என்று ஒன்று இருக்கிறது. பச்சைக் காய்கனி இல்லாமல் உப்புக்கண்டத்தையும் காய்ந்த ரொட்டியையும் தின்று இரண்டு மூன்று மாதம் போனால் ஸ்கர்வி பிடிக்கும். ஈறு வீங்கிப் பல்லை மூடும், கால் நீலம் பாரிக்கும், பழைய புண் திறந்துகொள்ளும். 26 நாள் பயணத்தில் அது தலைகாட்டாது. 89 நாளில் தப்ப வழியில்லை. அந்தக் கடப்பில் மட்டும் சுமார் 30 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்யத் திராணியுள்ளவர்கள் ஏழெட்டுப் பேர் மிஞ்சினார்கள். மாலிந்தியில் இறங்கியதும் நோயாளிகளுக்காகக் கேட்டு வாங்கியது ஆரஞ்சுப் பழம். மூன்று கப்பலையும் ஓட்ட ஆளில்லாததால் ‘சாவ் ரஃபேல்’ கப்பலை வழியிலேயே கொளுத்திவிட்டார்கள்.

இங்கே பிரித்துப் பாருங்கள். காற்று இன்னும் மூன்று வாரம் ஏமாற்றியிருந்தால் ஒருவரும் லிஸ்பனுக்குத் திரும்பியிருக்க மாட்டார்கள். ஒரு மன்னரையும் கொல்ல வேண்டாம், ஒரு போரின் முடிவையும் மாற்ற வேண்டாம். நல்ல பிரிவுப்புள்ளி, அதாவது கதை உண்மை வரலாற்றிலிருந்து விலகுகிற இடம், இப்படித்தான் சின்னதாக இருக்கும்.

எதிர்ப்பக்கமும் யோசிக்கலாம்: டிசம்பர் வரை காத்திருந்து வாடைக்காற்றில் கிளம்பியிருந்தால்? சாவு குறைந்திருக்கும். ஆனால் காத்திருக்க ஓர் இடம் வேண்டுமே! அஞ்சதீவில் பீஜப்பூர் சுல்தானின் ஆள் ஒருவர் உளவு பார்க்க வந்து பிடிபட்டிருந்தார். இன்னும் இரண்டு மாதம் அங்கே நங்கூரமிட்டுக் கிடந்தால் யார் வந்திருப்பார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் “காத்திருந்தார்” என்று ஒரு சொல்லில் தாண்டுவது ஏமாற்று வேலை.

சரி, காமா திரும்பவில்லை. பிறகு? பார்த்தலோமியு தியாஸ் 1488-லேயே ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவிட்டார். அந்த அறிவு லிஸ்பனில் இருக்கிறது. ஆகவே இன்னொரு கப்பற்படை வரத்தான் செய்யும். எத்தனை ஆண்டு கழித்து? பணத்தைப் பாருங்கள். 1500-இல் போர்த்துக்கீசியத் தளபதி கப்ரால் 13 கப்பலோடு கிளம்பினார். கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தவை 6. இவ்வளவு இழந்த பிறகும் போர்த்துகல் அசராமல் அடுத்த படையை அனுப்பியது. மிளகு இங்கே என்ன விலை, அங்கே என்ன விலை என்பது அதற்குள் தெரிந்துபோயிருந்ததுதான் காரணம். காமா ஒரு மூட்டைகூடக் கொண்டுவராமல் மறைந்திருந்தால் அந்தக் கணக்கு கையில் இருந்திருக்காது. என் மதிப்பீடு பத்து, பதினைந்து ஆண்டு. இதற்கு மேல் நீட்டுகிறவர்கள் காரணம் காட்ட வேண்டும்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். காமா வராத கதையிலும் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் கப்பற்படை 1508-இல் கொங்கணக் கரையின் சவுலில் போர்த்துக்கீசியரைத் தோற்கடிப்பதாக எழுதிவிடுவார்கள். அந்தப் படை சூயஸில் கட்டப்பட்டதே போர்த்துக்கீசியர் வந்ததால்தான். காரணத்தை எடுத்துவிட்டு விளைவை மட்டும் மேசையில் விட்டுவைக்க முடியாது.

அந்தப் படையையே கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். செங்கடல் கரையில் கப்பலுக்கு ஏற்ற மரம் கிடையாது. அனதோலியக் காடுகளில் வெட்டி, மத்தியதரைக் கடலில் ஏற்றி, எகிப்தில் இறக்கி, நைல் நதியில் கெய்ரோவுக்கு இழுத்து, அங்கிருந்து ஒட்டகத்தின் மேல் பாலைவனம் தாண்டி சூயஸ் சேர வேண்டும். நீண்ட அடிமரத்தை ஒட்டகத்தில் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். 1509 பிப்ரவரி 3 அன்று குஜராத் கரையின் தியூவில் அந்தப் படை நொறுங்கியது. அடுத்த ஆண்டே, புதிய படைக்கு மரம் ஏற்றி வரப்போன கப்பல்களை ரோட்ஸ் தீவின் கிறித்தவ வீரர் சபையினர் பிடித்துக்கொண்டார்கள். “தியூவில் மம்லூக்குகள் வென்றிருந்தால்” என்று எழுதுகிறவர் வெற்றிக்கு மறுநாள் பலகை எங்கிருந்து வரும் என்பதையும் எழுத வேண்டும். 1517-இல் உஸ்மானியர் எகிப்தைப் பிடித்த பிறகு நிலைமை வேறு. மரமும் துறைமுகமும் ஒரே கையில். காமாவின் தாமதத்தை 1517-க்கு அந்தப் பக்கம் தள்ள முடிந்தால் அது உண்மையிலேயே வேறு உலகம்.

இன்னொரு சோதனையை நான் ‘மாற்று ஆள்’ சோதனை என்பேன். 1500 டிசம்பரில் கோழிக்கோட்டில் போர்த்துக்கீசியப் பண்டகசாலை தாக்கப்பட்டது. கப்ரால் நகரத்தின் மேல் பீரங்கி வைத்துச் சுட்டுவிட்டு நேரே கொச்சிக்குப் போனார். சாமூதிரியின் பிடியிலிருந்து விடுபடத் தவித்த கொச்சி அரசர் மிளகு கொடுத்தார். கொச்சி கதவைச் சாத்தியிருந்தால்? கண்ணூர் அரசர் கோலத்திரி அழைத்துக்கொண்டிருந்தார். ஒருவரை நீக்கினால் அந்த நாற்காலியில் உட்கார இன்னொருவர் தயாராக இருக்கிறாரா என்று பாருங்கள். கொலம்பஸ் கதையும் இதே சோதனையில் விழுந்துவிடும். அவர் 1492-இல் போகாவிட்டாலும், 1500-இல் இதே கப்ரால் இந்தியாவுக்கு வருகிற வழியில் பிரேசில் கரையில் போய் முட்டினார். எட்டு ஆண்டு தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

அடுத்து சீனக் கடற்தளபதி செங் ஹ. அவர் ஆப்பிரிக்காவைச் சுற்றி லிஸ்பனில் போய் இறங்கும் கற்பனைக்கு ரசிகர்கள் அதிகம். அவர் படை எதற்காக வந்தது என்பதற்கு ஒரு கல்லே சாட்சி. இலங்கையின் காலி நகரில் 1911-இல் மதகின் மேல் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டு, சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு 50 சுருள் என்று பட்டியல் போகிறது. காமா சாமூதிரிக்குக் கொண்டுவந்ததோ கோடுபோட்ட துணி 12, தொப்பி 6, கைகழுவும் கிண்ணம் 6, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தேன். அரண்மனை ஆட்கள் சிரித்தார்களாம். அள்ளிக் கொடுக்க வந்தவர்களின் செலவு பெருகிக்கொண்டே போகும். கொஞ்சம் கொடுத்து நிறைய வாங்க வந்தவர்களுக்கு அடுத்த பயணத்துக்கு முதல் கிடைக்கும். 1433-க்குப் பிறகு சீனப் பயணங்கள் நின்றதற்கு வடக்கே மங்கோலிய அபாயத்தோடு இந்தக் கணக்கும் காரணம்.

இதை மாற்ற வேண்டுமானால் தளபதியைத் தொடாதீர்கள், சட்டத்தைத் தொடுங்கள். தனியார் கடல் வணிகத்துக்கான தடையை மிங் அரசு தளர்த்தியது 1567-இல். அதை 1436-க்கு முன்னால் கொண்டுவாருங்கள். தென்கிழக்குச் சீனக் கரையின் ஃபூஜியன் வணிகர்கள் மேற்கே பெருகுவார்கள். கோழிக்கோடு வரைக்குமா? அங்கேதான் காற்று குறுக்கிடும். ஒரே பருவத்தில் சீனாவிலிருந்து மலபார் வந்து திரும்ப முடியாது. நடுவழியில் மலாய்க் கரையிலுள்ள மலாக்காவில் சரக்கு மாற்றிக்கொள்வதுதான் லாபம். ஆகவே மாறப்போவது மலாக்கா. 1511-இல் போர்த்துக்கீசிய ஆளுநர் அல்புகெர்க் ஆயிரத்துச் சொச்சம் ஆட்களோடு அதைப் பிடித்தபோது, சுல்தானோடு பிணங்கியிருந்த சீன வணிகர்கள் மரக்கலம் கொடுத்து உதவினார்கள். அங்கிருந்த தமிழ் வணிகர் நைனா செட்டி போர்த்துக்கீசியக் கைதிகளுக்கு உதவியவர். வெற்றிக்குப் பிறகு ‘பெண்டகாரா’ என்ற அமைச்சர் நிலைப் பதவி பெற்றார். சீன வணிகர் கூட்டம் பத்து மடங்காக இருந்திருந்தால் அவர்கள் எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள்? எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று தருகிறேன். ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: தேதி, காற்று, ஆட்கள், பணம். பிரிவுப்புள்ளியிலிருந்து முப்பது ஆண்டோடு நிறுத்துங்கள். அதற்குமேல் பிறக்கப்போகிறவர்களே வேறு ஆட்கள். எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் தரங்கம்பாடி. 1618-இல் டேனியக் கப்பல்கள் கிளம்பியது இலங்கைக்கு, கண்டி அரசரின் தூதர் என்று சொல்லிக்கொண்ட போஷவர் என்ற டச்சுக்காரரின் பேச்சை நம்பி. அவர் வழியிலேயே இறந்தார். அவர் கொடுத்த வாக்குறுதியைக் கண்டி அரசர் ஏற்கவில்லை. முன்னால் போன கப்பல் காரைக்காலுக்கு அருகே போர்த்துக்கீசியரோடு நடந்த சண்டையில் அழிந்தது. அதிலிருந்து கரையேறிய அதன் தலைவர் கிராப்பே தஞ்சாவூர் அரண்மனை வரை போனார். 1620-இல் ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்தார். போஷவர் பிழைத்திருந்தால் டேனியக் கோட்டை திருகோணமலையிலா? அந்தக் கப்பல் அழியாமல் இருந்திருந்தால் தரங்கம்பாடி? முதலில் காற்றுப் பத்தியை நிரப்பிவிட்டு ஆட்களிடம் போங்கள்.

வணக்கம்.