ஹாலோவீன் மாலையில் மிட்டாயைவிட வீதிதான் கவலை

வணக்கம் நேயர்களே. ஒக்டோபர் 31 ஹாலோவீன், பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் மாலை. அது நெருங்கினால் இங்கே கனடாவில் நம்மவர்கள் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளைகள் வாங்கி வரும் மிட்டாயில் யாராவது ஊசி வைத்திருப்பார்களோ, நஞ்சு கலந்திருப்பார்களோ? என்னுடைய கவலை மிட்டாயில் இல்லை, வீதியில்.

அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதல் வந்த செய்திகளைத் துருவிப் பார்த்தவர். முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் தின்பண்டத்தில் நஞ்சிருந்து பிள்ளை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவமும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸில் சயனைட் கலந்த மிட்டாயால் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தது உண்மை. ஆனால் அதைக் கொடுத்தவர் அவனுடைய அப்பா, காப்புறுதிப் பணத்துக்காக.

கார் விஷயம் அப்படியில்லை. கனடிய மருத்துவர்கள் சிலர், 1975 முதல் 2016 வரை அமெரிக்காவில் நடந்த விபத்துகளை எடுத்து, ஹாலோவீன் மாலையை அதற்கு ஒரு கிழமை முன்னும் பின்னும் வருகிற மாலைகளோடு ஒப்பிட்டார்கள். நடந்து போகிறவர்கள் வாகனம் மோதி இறக்கும் ஆபத்து அன்றைக்கு 43 சதவீதம் அதிகம். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கோ பத்து மடங்கு! ஆறு மணியை ஒட்டிய நேரம்தான் மிக மோசம்.

ஏன் ஆறு மணி? ரொறன்ரோவில் அன்றைக்குச் சூரியன் மறைவது ஆறு மணி தாண்டியவுடன்தான். வேலை முடிந்து கார்கள் வீடு திரும்புவதும் அந்த நேரம்தான். எதிர் வீட்டில் பெரிய சொக்லேட் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் எந்தப் பிள்ளை இரண்டு பக்கமும் பார்க்கும்? அதனால் தெருவின் ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு, சந்தியில் வைத்துக் கடந்து மறுபக்கம் போகச் சொல்லுங்கள். நிறுத்தியிருக்கும் கார்களுக்கு நடுவிலிருந்து வெளியே ஓடுவதுதான் மிகவும் ஆபத்து.

உடுப்பு கறுப்பாக இருந்தால் முதுகிலும் பையிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி ஒட்டுங்கள். முகமூடி பக்கப் பார்வையை மறைக்கும், முகத்தில் சாயம் பூசுவது மேல். அப்புறம் அம்மம்மாமாருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் குளிருக்கு வேடத்துக்கு மேலே ஜக்கெட் போடச் சொல்லி வருடாவருடம் நடக்கிற சண்டை! வேட உடுப்பை ஒரு அளவு பெரிதாக வாங்கினால் ஜக்கெட் உள்ளே போய்விடும், சண்டையும் தீரும்.

மிட்டாயைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரிந்த பொதி, கடலை ஒவ்வாத பிள்ளைக்குக் கடலை, சின்னஞ்சிறுசுகளுக்குத் தொண்டையில் சிக்கும் கட்டி மிட்டாய், இவற்றை எடுத்துவிடுங்கள். கஞ்சா கலந்த தின்பண்டங்கள் 2019 முதல் கனடாவில் சட்டப்படி விற்பனையாகின்றன. அவை மிட்டாய் மாதிரியே இருக்கும். வீட்டில் பெரியவர் யாராவது வாங்கி வைத்திருந்தால் பூட்டி வையுங்கள்.

மிட்டாய் கொடுக்கிற வீட்டுக்காரர்கள் வாசல் விளக்கைப் போட்டு, படியில் கிடக்கும் ஈர இலைகளைக் கூட்டிவிடுங்கள். வாசலில் செதுக்கி வைக்கும் பூசணிக்காய்க்குள் மெழுகுதிரி வேண்டாம், பற்றரி விளக்கு போதும்.

கார் ஓட்டுகிறவர்களே, பால், பாண் எல்லாம் முதல் நாளே வாங்கி வையுங்கள். மாலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரைக்கும் காரை எடுக்காமல் இருக்க முடிந்தால் எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால், பின்னால் எடுக்கும்போது ஒருவரை இறங்கி நின்று பார்க்கச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.