ஃபார்மட் போடுறதுக்கு முன்னாடி

வணக்கம் நேயர்களே. நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குறவன். வீட்டுக் கம்ப்யூட்டர் ஏன் திடீர் திடீர்னு நின்னு போகுது, அத எப்படித் தடுக்குறதுன்னு பேசக் கூப்பிட்டிருக்காங்க, எனக்கு மறக்க முடியாத ஒரு விஷயத்துல இருந்தே ஆரம்பிச்சுடுறேன்.

போன மே மாசம் ஒரு அக்கா ஆட்டோல சிபியு எடுத்துட்டு வந்தாங்க. காலைல நல்லா ஓடுதாம், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல தானா ஆஃப் ஆயிடுதாம். ஏற்கனவே வேற எடத்துல ரெண்டு தடவ ஃபார்மட், அதாவது டிஸ்க்க மொத்தமா அழிச்சுட்டு விண்டோஸப் புதுசா ஏத்துறது, போட்டு வாங்கியிருக்காங்க, நாலு நாள்ல பழையபடி ஆயிடுச்சு. நான் சைடு கதவக் கழட்டிப் பாத்தேன். ப்ராசஸர் மேல ஃபேன், அதுக்கு அடியில தகடு தகடா அலுமினியத்துல ஹீட்சிங்க் இருக்கும்ல, ரெண்டுக்கும் நடுவுல தூசி கம்பளி மாதிரி படிஞ்சு கெடக்கு, விரல்ல உரிச்சா ஒரே துண்டா வருது. ஃபேன் சுத்துது, ஆனா காத்து போக வழியில்ல. ஹீட்சிங்கத் தூக்கினா, ப்ராசஸர் சூட்ட அதுக்குக் கடத்துற தெர்மல் பேஸ்ட் காஞ்சுபோய் சுண்ணாம்பா உதிருது.

தூசிய எடுத்து, புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வெச்சு மாட்டினேன், அதுக்கப்புறம் ஆஃப் ஆகவே இல்ல. ஒரு மணி நேர வேலை. ஆனா அந்த ஃபார்மட்ல, டெஸ்க்டாப்ல வெச்சிருந்த அவங்க அப்பாவோட போட்டோ எல்லாம் போயிடுச்சு. அப்பா இப்ப இல்ல. அத அவங்க சொன்னப்ப எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு, ஏன்னா அந்த ஃபார்மட்டே தேவையில்ல, காரணம் விண்டோஸ்ல இல்லவே இல்லையே.

அதனாலதான் சொல்றேன், காரணம் தெரியாம ஃபார்மட் போட விடாதீங்க. முதல்ல எப்படி நின்னுச்சுன்னு கவனிங்க. எந்த எழுத்தும் வராம பட்டுன்னு அணைஞ்சா பெரும்பாலும் சூடு, இல்லன்னா கரண்ட் சப்ளை. ப்ராசஸர் சூடு 100 டிகிரிய நெருங்கும்போது தானே வேகத்தக் கொறச்சுக்கும், அப்பவும் அடங்கலன்னா கருகிடாம இருக்க மொத்தமா அணைச்சுடும். அப்ப அணையுறதுக்கு முன்னாடியே மெஷின் மந்தமாகும், ஃபேன் இரைச்சல் ஏறும், அதக் கேட்டாலே கதவத் தொறந்து பாக்க வேண்டிய நேரம்னு அர்த்தம். தூசி ஊதுற ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கோங்க, பிளக்க புடுங்கிட்டு செய்யுங்க. மர டேபிள்ல மூடின தட்டுக்குள்ள சிபியுவ வெக்காதீங்க, பின்பக்கம் சூடான காத்து வெளிய போகணும்.

நீலத் திரை வந்தா அது வேற. அதுல ஸ்டாப் கோடுன்னு, என்ன கோளாறுன்னு சொல்ற ஒரு வரி இருக்கும், போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, அது எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ரொம்ப உதவும். மெமரி மேனேஜ்மென்ட்னு அடிக்கடி வந்தா எனக்கு முதல் சந்தேகம் ரேம், அதாவது மெமரி கார்டு மாதிரி செருகியிருக்குற பட்டை மேலதான். நாங்க ரேம கழட்டி அந்தத் தங்க நிறக் காலை ரப்பரால மெதுவாத் தேச்சு, தூள தட்டிட்டுத் திரும்ப மாட்டுவோம், பல மெஷின் அதுலயே எழுந்துடும். இன்னொன்னு, ஸ்டார்ட்ல ரிலையபிலிட்டின்னு டைப் பண்ணா தேதி வாரியா ஒரு படம் வரும், எந்த நாள்ல எது நின்னு போச்சுன்னு சிவப்பு பெருக்கல் குறி போட்டுக் காட்டும். புது டிரைவரோ (பிரிண்டர் மாதிரி பாகத்த இயக்குற சின்ன சாஃப்ட்வேர்) அப்டேட்டோ போட்ட நாள்ல இருந்துதான் ஆரம்பிச்சுதுன்னா அத மட்டும் நீக்கினா போதும்.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு கம்ப்யூட்டர் பாதுகாப்பு கம்பெனி அனுப்பின ஒரே ஒரு அப்டேட் ஃபைல்னால உலகம் பூரா சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத் திரையாச்சு, ஏர்போர்ட்டெல்லாம் நின்னுச்சு. அதுக்கு வழி என்ன தெரியுமா, சேஃப் மோடுல, அதாவது விண்டோஸ் அத்தியாவசியமானத மட்டும் ஏத்திட்டு எழுற நிலைல போய் அந்த ஃபைல டெலிட் பண்றது. அவ்வளவு பெரிய பிரச்சினைக்கே ஃபார்மட் தேவைப்படல.

கரண்ட் விஷயம் சுருக்கமா. வெறும் காலோட கேபினெட்டத் தொட்டா ஜிவ்வுன்னு அடிக்குதா, எர்த் சரியில்ல, எலக்ட்ரீசியனக் கூப்பிடுங்க, தள்ளிப் போடாதீங்க. யூபிஎஸ் பேட்டரி பொதுவா ரெண்டு மூணு வருஷம்தான், கரண்ட் போன அதே நொடி மெஷினும் போச்சுன்னா மாத்திடுங்க.

ஹார்ட் டிஸ்க்ல டிக் டிக்னு சத்தம் வந்தா மட்டும் எதையும் சோதிக்காதீங்க. உடனே ஆஃப் பண்ணிடுங்க, திரும்பத் திரும்ப ஆன் பண்ணா உள்ள இருக்குற டேட்டாவும் கெட்டுப்போகும். உங்க ஃபைலோட காப்பி அதுக்கு முன்னாடியே வேற டிஸ்க்ல இருக்கணும்.

போன வாரம் அந்த அக்கா வெளிய வெக்கிற டிஸ்க் ஒண்ணு வாங்க வந்தாங்க. சித்தப்பா வீட்டு ஆல்பத்துல அப்பா படம் ஏழு கெடச்சுதாம், ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க. கடையிலயே உக்காந்து அந்த டிஸ்க்ல முதல் ஃபோல்டரா ஏத்திட்டுதான் கெளம்பினாங்க.