கை துறுதுறுக்கும், பொறுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

தாயின் மனவலிமை என்றதும் எல்லாரும் பொறுமையைத்தான் சொல்வார்கள். பூமாதேவி என்று பட்டமும் கொடுத்துவிடுவார்கள். பட்டம் கொடுத்துவிட்டால் உதவி செய்ய வேண்டியதில்லை, பாருங்கள்! என்னைக் கேட்டால், அந்த வலிமையைச் சட்டைப் பொத்தான் போடுகிற நேரத்தில்தான் பார்க்க வேண்டும்.

நான்கு வயதுப் பிள்ளை. கிளம்ப நேரமாகிவிட்டது. மேல் பொத்தானை இரண்டாவது ஓட்டையில் நுழைத்துவிட்டு, மிச்சம் ஏன் சரியாக வரவில்லை என்று நாக்கைத் துருத்திக்கொண்டு மல்லுக்கட்டுகிறது. நீங்கள் போட்டால் நொடியில் முடியும். கை துறுதுறுக்கிறது. அந்தக் கையை அடக்குகிறீர்களே, அதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். அதற்காகச் சும்மா நிற்கச் சொல்லவில்லை. "கீழேயிருந்து போட்டுப் பாரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்கும் வரவில்லையா? பொத்தானைப் பாதி நுழைத்துக் கொடுங்கள். மீதியை அதுவே இழுக்கட்டும். அடுத்த பொத்தானுக்கு உதவியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற மூவர் 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு கட்டச் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். 3 வயதுக்காரர்களை விளையாட்டுக்குள் இழுத்துப் பிடித்து வைப்பதே பெரிய வேலையாக இருந்தது. 4 வயதுக்காரர்களுக்கு வாயால் தவற்றைச் சொன்னாலே போதும். 5 வயதுக்காரர்களோ, கட்டிவிட்டு "சரியா?" என்று கேட்பதற்கு மட்டும் ஆளைத் தேடினார்கள். கட்டை அதேதான், பயிற்சியாளரின் வேலை மூன்று விதம். இதைத் தாய்மார்கள் சம்பளமில்லாமல் தினமும் செய்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் என்றால், ஒரே நேரத்தில் இரண்டு விதமாக!

கத்திவிடுகிற நாளும் உண்டு. கத்தாத தாயை நான் பார்த்ததில்லை. எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர் தாயையும் சேயையும் கூர்ந்து கவனித்தவர். நன்றாக ஒட்டிப்போகிற தாயும் குழந்தையும்கூடப் பாதிக்கு மேற்பட்ட நேரம் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை என்று கண்டார். தப்பிய தாளத்தை மறுபடி சேர்த்துக்கொள்வதில்தான் குழந்தை தேறுகிறது. ஆகவே கத்தினால், திரும்பிப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். "அம்மா கத்தியிருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். பெரிய விளக்கம் வேண்டாம்.

வளர்ந்த பிள்ளைகளிடம் அறிவுரையைக் குறைத்துக் கேள்வியைக் கூட்டுங்கள். அதைத் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. அது மனவலிமைக் குறைவு இல்லை, நோய். குணப்படுத்தலாம். "தைரியமாக இரு" என்று சொல்லிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ராத்திரி குழந்தை அழுதால், பக்கத்தில் படுத்திருப்பவரும் எழுந்திருக்கலாம். அவருக்கும் காது கேட்கும்.

இனிக் கேள்விகள் கேட்கலாம். அப்பாக்கள் முதலில்.