ஒரு நரம்பில் இரண்டு லூர்

நேயர்களுக்கு வணக்கம். படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே, தூண்டிலைப் பின்னால் இழுத்துப் போய் மீன் பிடிக்கிற பழக்கம் உங்களில் சிலருக்கு இருக்கும். ட்ரோலிங் என்று சொல்கிறோம். கனத்த ராடு, அதாவது தூண்டில் கம்பு, நரம்பைச் சுற்றிவைக்கிற பெரிய ரீல் எல்லாம் இல்லாமல், 4 கிலோ, 6 கிலோ தாங்குகிற நரம்பை, அதாவது தூண்டில் இழையை மட்டும் நம்பிச் செய்கிற இலேசான ட்ரோலிங்தான் இன்றைக்கு நம் பேச்சு. அதிலும் ஒரே ஒரு விஷயம். ஒரு நரம்பின் நுனியில் இரண்டு லூர், அதாவது இரண்டு போலி இரை கட்டுவது.

ஒன்றையே மீன் சீண்டவில்லை, இரண்டு எதற்கு என்று கேட்பீர்கள். ஒன்றைச் சீண்டாத நாளில்தான் இரண்டு வேண்டும். ஒரே இழுப்பில் இரண்டு மீன் வரும் என்ற ஆசையில் கட்டுகிறவர்கள் உண்டு. அது எப்போதாவது நடக்கும், நடந்தால் படகில் ஒரே கூச்சலாக இருக்கும். ஆனால் நான் அதற்காகக் கட்டுவதில்லை. மீன் எந்த ஆழத்தில் இருக்கிறது? இன்றைக்குப் பெரிய இரை பிடிக்குமா, சின்னதா? வெளிறிய நிறமா, கறுத்த நிறமா? இதெல்லாம் கரையில் நிற்கும்போது நமக்குத் தெரியாது. ஒரு லூரை இழுத்தால் ஒரு கேள்விதான் கேட்க முடியும். இரண்டை இழுத்தால் ஒரே நேரத்தில் இரண்டு கேள்வி. அதனால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே ஆட்டம் உள்ள இரண்டைக் கட்டுவது ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பதுதான்.

சரி, எப்படிக் கட்டுவது? முடிச்சுப் போடும் விதத்தை வானொலியில் சொல்லி விளங்க வைக்க முடியாது. அதை யாராவது தெரிந்தவரிடம் கையில் பிடித்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்துவிடுங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசலில் சூடேறி, அந்த இடத்திலேயே பலம் போய்விடும். இரண்டு லூர் என்றால் முடிச்சுகளும் கூடுதல். ஆகவே நனைத்து இறுக்குங்கள். இன்னும் ஒரு தடவை சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று கண் உள்ள ஸ்விவல், அதாவது நரம்புகளை இணைக்கிற, சுழலக்கூடிய சின்ன உலோக இணைப்பு ஒன்று கடையில் கிடைக்கும். ஒரு கண்ணில் ரீலிலிருந்து வருகிற நரம்பு. மற்ற இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு கிளை நரம்பு, அதன் நுனியில் லூர். ஒரு கிளை குட்டை, ஒரு கிளை நீளம். நான் வைப்பது, குட்டை 45 சென்டிமீட்டர், நீளம் ஒன்றரை மீட்டர். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இடைவெளி கிடைக்கிறது. இந்த இடைவெளிதான் எல்லாமே. லூரைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் யோசிப்பவர்கள் இடைவெளிக்கு அரை நிமிடம்கூட யோசிப்பதில்லை. இரண்டு கிளையும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருந்தால், படகு நகர்ந்த கொஞ்ச நேரத்தில் முள்ளும் முள்ளும் கோத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் இழுப்பது லூரை அல்ல, ஒரு சிக்கை.

நீளக் கிளையை இன்னும் நீட்டலாமே என்று தோன்றும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. சுற்றி இழுக்கும்போது ஸ்விவல் ராடின் நுனி வளையத்துக்கு வந்ததும் நின்றுவிடும், அதற்கு மேல் ரீல் உதவாது. ராடு இரண்டு மீட்டர், கிளை மூன்று மீட்டர் என்றால், மீன் உங்கள் கைக்கு எட்டாத தூரத்தில் துள்ளிக்கொண்டிருக்கும். ராடை வைத்துவிட்டு நரம்பைக் கையால் பிடித்து இழுக்க வேண்டியதுதான். ஆகவே நீளக் கிளை உங்கள் ராடைவிடக் குட்டையாகவே இருக்கட்டும்.

குட்டைக் கிளையில் கனமான லூர், நீளக் கிளையில் இலேசானது. மாற்றிக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், சண்டைக்குப் போகமாட்டேன். கனமானது ஸ்விவலையும் சேர்த்துக் கீழே இழுக்கும், இலேசானது அதற்குப் பின்னால், சற்று மேலே வரும். நரம்பிலும் கொஞ்சம் விளையாடலாம். ஃப்ளூரோகார்பன் என்கிற நரம்பு வகையின் அடர்த்தி தண்ணீரைப்போல ஏறக்குறைய 1.8 மடங்கு, சாதாரண நைலானுடையது 1.14 மடங்குதான். கீழே போகவேண்டிய கிளைக்கு முதல் வகை, மேலே வரவேண்டியதற்கு இரண்டாவது. இன்னொன்று, குட்டைக் கிளையின் நரம்பு ரீல் நரம்பைவிட ஒரு படி மெல்லியதாக இருக்கட்டும். கனமானதுதானே முதலில் பாறையில் மாட்டும்? மாட்டினால் அது மட்டும் அறுந்து போகும், மற்றதெல்லாம் உங்களுக்கு மிஞ்சும்.

ஆழமாக முங்குகிற, முன்னால் அகலத் தகடு வைத்த லூர்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் இரண்டை ஒரே நரம்பில் கட்டாதீர்கள். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். படகின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. இலேசான ராடு மீன் கடிப்பதற்கு முன்பே பாதி வளைந்து நிற்கும். கடித்தது தெரியவே தெரியாது.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு கதை. எனக்குப் படகு ஓட்டச் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர் எப்போதும் இரண்டுதான் கட்டுவார். முன்னால் விரல் நீளத்தில் ஒரு வெள்ளை லூர், பின்னால் அதில் பாதிகூட இல்லாத, மங்கலான ஒரு சின்ன ஸ்பூன், அதாவது கரண்டி மாதிரி வளைந்த தகட்டு லூர். ஒரு நாள் எங்களுடன் ஓர் இளைஞரும் வந்தார். அன்று வந்த மீன் எல்லாம் பின்னால் இருந்த ஸ்பூனில்தான். வெள்ளையை ஒன்றுகூடத் தொடவில்லை. இளைஞர் சும்மா இருப்பாரா? "ஐயா, இது வீணாத் தண்ணியை இழுக்குது" என்று வெள்ளையை அறுத்தெடுத்துவிட்டார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு படகை அதே தடத்தில் ஓட்டினார். போனோம், திரும்பினோம், மறுபடி போனோம். ஸ்பூனுக்கு ஒரு கடிகூட இல்லை. அப்புறம் அவரே வெள்ளையை எடுத்து, அதன் முள் இரண்டையும் குறடால் கழற்றிவிட்டுத் திரும்பக் கட்டினார். முள் இல்லாத லூர்! இளைஞர் என்னைப் பார்க்கிறார், நான் தண்ணீரைப் பார்க்கிறேன். சற்று நேரத்தில் ஸ்பூனில் மீன். "முன்னாடி போறது கூப்பிடும்பா, பின்னாடி போறதுதான் பிடிக்கும்" என்றார் பெரியவர்.

அந்த இடைவேளையில் மீன்கூட்டம் விலகிப்போய்த் திரும்பி வந்திருக்கலாம், அதையும் நான் மறுக்கவில்லை. ஒரு நாள் நடந்ததை வைத்து விதி எழுத முடியாது. ஆனாலும் ஒரு லூருக்கு மீன் வரவில்லை என்பதால் அது வேலை செய்யவில்லை என்று நான் முடிவு கட்டுவதில்லை.

நரம்பை விடும்போது படகு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். 2 முதல் 4 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 4 முதல் 7 கிலோமீட்டர் வேகம் போதும். விடுவதற்கு முன் இரண்டு லூரையும் படகின் ஓரத்திலேயே தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கனமானது நிதானமாக இடமும் வலமும் அசையவேண்டும், இலேசானது அதன் வாலைத் தொடாமல் பின்னால் துடிக்கவேண்டும். ஸ்பூன் ஆடாமல் கிறுகிறு என்று சுழன்றால் வேகம் அதிகம், நரம்பும் முறுக்கிக்கொள்ளும். சரியாக இருந்தால் மெதுவாக, நரம்பு தொய்யாமல், விரலால் தடுத்துத் தடுத்து விடுங்கள். தொய்வு விட்டால் பின்னால் இருப்பது முன்னால் வந்து சுற்றிக்கொள்ளும். படகைத் திருப்பும்போதும் இதே கதைதான், உள்பக்கத்து நரம்பு வேகம் குறைந்து தொய்யும். அகல வட்டமாகத் திருப்புங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இரண்டு மீன் சேர்ந்து மாட்டினால் என்ன செய்வது என்று விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். ரீலின் டிராக்கை, அதாவது மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கிற பிரேக்கை, நரம்பின் தாங்கும் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். ஆனால் இரண்டு மீன் எதிரெதிர்ப் பக்கம் இழுத்தால் அந்த இழுப்பு கிளைகளுக்குள்ளேயே நடக்கும், டிராக் அங்கே காப்பாற்றாது. அதனால்தான் முடிச்சை நனைத்து இறுக்கச் சொன்னேன். இதோ, மூன்றாவது தடவையும் சொல்லிவிட்டேன். அப்புறம், மீனைக் கழற்றும்போது மற்ற லூரின் முள் ஆடிக்கொண்டிருக்கும். மீன் ஒரு துள்ளுத் துள்ளினால் அது உங்கள் கையில் ஏறும். முதலில் சும்மா இருக்கிற லூரைப் பிடித்து ராடின் வளையத்தில் மாட்டுங்கள், பிறகு மீனைத் தொடுங்கள். ஒரு நரம்பில் எத்தனை முள் கட்டலாம் என்பதற்குச் சில நீர்நிலைகளில் கட்டுப்பாடு உண்டு, போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.