இனப்படுகொலை என்று ஓர் அவை அறிவித்தால் என்ன ஆகும்?

(2009-இல் இலங்கைப் போர் முடிந்த மே 18-இன் நினைவேந்தலையொட்டி சேலத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

‘இலங்கையில் தமிழருக்கு நடந்தது இனப்படுகொலை என்று கனடா சட்டம் போட்டுவிட்டது’ என்று மே மாதம் வந்தால் செய்தி சுற்றும். அங்கே நடந்தவை இரண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நம் கோரிக்கைதான் வலுவிழக்கும்.

2022 மே 18 அன்று கனடா நாடாளுமன்றத்தின் மக்களவை நிறைவேற்றியது தீர்மானம். இலங்கையில் தமிழர் மீது நடந்த இனப்படுகொலையை ஏற்று, மே 18-ஐ நினைவு நாளாக அறிவித்தது. ஒருமனதாக நிறைவேற்றும் முறையில் ஓர் உறுப்பினர் ‘கூடாது’ என்றாலே தீர்மானம் விழுந்துவிடும், ஒருவரும் சொல்லவில்லை. ஆனாலும் அது அவையின் குரல்தான், அரசைக் கட்டுப்படுத்தாது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2021-இல் நிறைவேற்றிய 104-ஆம் மசோதாதான் சட்டம். மே 18-இல் முடியும் ஏழு நாட்கள் தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரம். வெளிநாட்டு விவகாரத்தில் மாகாணம் கைவைக்கலாமா என்று வழக்குப் போட்டார்கள். சட்டம் யாரையும் தண்டிக்கவில்லை, நினைவுகூரவும் கற்கவும்தான் வழி செய்கிறது. அதனால் மேல்முறையீட்டிலும் நின்றது.

நீதிமன்றத்தில் கதையே வேறு. ஐ.நா.வின் 1948 இனப்படுகொலை உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு ஐந்து செயல்களைச் சொல்கிறது. அவற்றில் ஒன்றை நிரூபித்தால் மட்டும் போதாது. ஓர் இனத்தை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்ததாகவும் காட்ட வேண்டும். போஸ்னியா வழக்கில் பல ஊர்களில் படுகொலை நடந்ததை ஏற்ற பன்னாட்டு நீதிமன்றம், 2007-இல் ஸ்ரெப்ரெனிட்சாவில் மட்டுமே அந்த நோக்கம் உறுதியானது என்றது. செத்தவர் எண்ணிக்கையை மட்டும் சொல்லி வழக்கு ஜெயிக்காது.

நோக்கத்துக்கு எதைக் காட்டுவது? 2009 தொடக்கத்தில், இறுதிப்போர் நடந்த வடக்கு வன்னிப் பகுதிக்குள் சுமார் 70,000 பேரே இருப்பதாக இலங்கை அரசு சொன்னது. போர் முடிந்தபோது முகாம்களில் அடைபட்டவர்களோ 2,80,000-க்கும் மேல். எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டி உணவையும் மருந்தையும் மறுத்தார்கள் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் எழுதியது. வாழவே முடியாத நிலையைத் திணிப்பது அந்த ஐந்து செயல்களில் ஒன்று. என்னைக் கேட்டால், குண்டுவீச்சுப் படங்களைவிட இந்தக் கணக்குதான் கனமான சாட்சியம்.

நம் பக்கம் வருவோம். தமிழ்நாடு சட்டமன்றம் 2013 மார்ச் 27-இல் தனி ஈழம் குறித்துப் பொதுவாக்கெடுப்பு கோரித் தீர்மானம் போட்டது. வெளியுறவு ஒன்றியப் பட்டியலில் இருப்பதால் மாநிலம் வலியுறுத்த மட்டுமே முடியும். இந்தியா 1959-லேயே அந்த 1948 உடன்படிக்கையை ஏற்புறுதி செய்தது. இனப்படுகொலையைத் தண்டிக்க அதன் ஐந்தாம் பிரிவு கேட்கும் தனிச்சட்டம் இன்றுவரை இல்லை. சேலம் எம்.பி.யிடம் மனு கொடுப்பவர்கள் ‘கண்டிக்க வேண்டும்’ என்று எழுதாமல், இந்தச் சட்டத்துக்குத் தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) கேளுங்கள்.

இந்த மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில், இலங்கையில் தமிழர் மீது 1983 ஜூலையில் நடந்த வன்முறையைப் பெரியவர்களாகக் கண்டவர்கள் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களின் வாக்குமூலத்தை உறுதிமொழிப் பத்திரமாக நோட்டரி முன் பதிய வேண்டும். ‘ஷெல் விழுந்தது’, ‘வீட்டைக் கொளுத்தினார்கள்’ என்பது போதாது. எந்த நாள், எந்த ஊர், வந்தவர்கள் என்ன உடை, என்ன சொல்லிக்கொண்டு வந்தார்கள், சொல்பவர் கண்ணால் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா என்று தனித்தனியாக எழுதுங்கள். கேள்விப்பட்டதையும் பார்த்ததையும் ஒரே வரியில் கலந்தால், குறுக்கு விசாரணையில் முழுப் பத்திரமும் போய்விடும்.