மூணு கார்டுக்கு ஆள் எதுக்கு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாத பெரியோர்களே, வணக்கம். வணக்கத்துக்கு இது போதும், நேரம் கம்மி.

ஆள் மாறினாலும் இசைக்குழு அதே குழுதான். இது எங்க அணியோட கட்சி. எடுத்துக்காட்டு, இங்கிலாந்துல ஹாம்ப்ஷயர் பக்கம் ஆண்டோவர்ங்கிற சின்ன ஊர்ல 1964ல கிளம்பின டிராக்ஸ். டிராக்லோடைட்ஸ், அதாவது குகைவாசிகள்ங்கிற பேரைச் சுருக்கி வச்சுக்கிட்டாங்க. கராஜ் ராக்ங்கிற முரட்டு ராக் இசை கேட்கிற யாருக்கும் இவங்களைத் தெரியும்.

எதிரணித் தலைவி கேட்டாங்க: "1969ல பேஸ் வாசிச்ச பீட் ஸ்டேப்பிள்ஸ் போயாச்சு, 1972ல கிட்டார் கிறிஸ் பிரிட்டன் போயாச்சு. மிச்சம் போர்டு மட்டும்தானே?" அம்மா, அசல் நாலு பேர், அசல் நாலு பேர்னு உருகினீங்களே, அந்த நாலு பேரே ரெண்டு குழுவோட ஒட்டுப்போட்ட துணி! ரெஜ் பிரெஸ்லி முதல்ல பேஸ் வாசிச்சவர். ஊர்ல இன்னொரு குழுவில இருந்து பிரிட்டனும் ஸ்டேப்பிள்ஸும் வந்தாங்க. பேஸுக்கு ஆள் வந்தாச்சு, இவரை என்ன பண்றது? மைக்கைக் குடுத்தாங்க. நீங்க 'அசல் குரல்'னு கொண்டாடுற குரலே ஆள் மாறினதுல கிடைச்ச குரல். பிரெஸ்லிங்கிறதும் அவர் பேர் இல்லை, ரெஜினால்ட் பால். டிரம்ஸ் ரோனி பாண்டோட பேர் புல்லிஸ். ஆளே பேரை மாத்திக்கிட்டு அதே ஆளா இருக்கலாம், குழு ஆளை மாத்திக்கிட்டு அதே குழுவா இருக்கக் கூடாதா?

இதோட உக்காந்திருப்பேன் நடுவர் அவர்களே. ஆனா எதிரணி ரெண்டாவது பேச்சாளர் போகிற போக்குல ஒண்ணு சொன்னாரு: "மூணு கார்டு வாசிக்கிற குழுவுல ஆள் மாறினா என்ன, ஆடு மாறினா என்ன?" கார்டுன்னா சீட்டு இல்லை, கிட்டார்ல சில சுரங்களைச் சேர்த்து அடிக்கிற கூட்டு. நீங்களும் சிரிச்சீங்க. அவர் பேசினது எனக்குச் சாதகம்னு தெரியும். இருந்தாலும் விட மாட்டேன்.

ஐயா, டிராக்ஸோட 'வைல்ட் திங்' பாட்டை நீங்க எண்ணினதே தப்பு. சுற்றி வர்ற கார்டு ஏ, டி, ஈ, மறுபடி டி, ஒவ்வொண்ணும் ரெண்டு தட்டு. ஆனா பாடகர் நிறுத்தி நிதானமாப் பேசுற இடத்துல ஜி வருது, ஏ வருது. ஆக நாலு. அந்த இடத்துல கிட்டார் ஒரு அடி அடிச்சுட்டு வாயை மூடிக்கும். இந்தப் பாட்டை எடுத்துப் பாடுற பத்துக் குழுவில ஒன்பது அங்கதான் கோட்டை விடும். டிரம்ஸ்காரருக்குக் கை சும்மா இருக்காது, அந்த மௌனத்துல ஒரு உருட்டு உருட்டுவார். பாட்டு செத்துப்போச்சு! நடுவுல கிட்டார் தனி ஆவர்த்தனம் கிடையாது, ஒக்கரினானு ஒரு ஊதல். மூச்சைக் கொஞ்சம் அழுத்தினா சுருதி ஏறும், தளர்த்தினா இறங்கும். நடுங்குற கையோட ஊதிப் பாருங்க, ஆடு தேவலைம்பாங்க.

இன்னும் ஒண்ணு சொல்றேன். 1970 வாக்கில, ஸ்டேப்பிள்ஸுக்குப் பதிலா டோனி மர்ரே வந்தாச்சு. புதுப் பாட்டு ஒண்ணைப் பதிவு பண்றாங்க. சரியா வரலை. சண்டை. நாடா ஓடிக்கிட்டே இருக்கு, யாரும் நிறுத்தலை. டிரம்ஸ் எப்படி வரணும்னு வாயாலயே தட்டிக் காட்டுறாங்க. 'டும் டும் டக்'னா 'டும் டக் டும்'னு வருது. இப்படித்தானே அடிச்சேன்? இல்லையா? ரெண்டு வார்த்தைக்கு ஒரு கெட்ட வார்த்தை. இங்க தாய்மார்கள் இருக்காங்க, அதனால அந்த இடத்துல எல்லாம் 'கத்திரிக்காய்'னு போட்டுக்கிறேன். "அந்தக் கத்திரிக்காய் டிரம்மை, கத்திரிக்காய், ஒழுங்கா அடிக்க மாட்டியா கத்திரிக்காய்!" நிமிஷக்கணக்கில கத்திரிக்காய்ச் சந்தை. அதுல ஒருத்தர் சொல்றார், பாட்டு மேல கொஞ்சம் தேவதைப் பொடி தூவணும்னு. சாம்பார் பொடி கேள்விப்பட்டிருக்கோம், இது கடையில கிடைக்காது. அந்த நாடா வெளியே கசிஞ்சு, கைமாறிக் கைமாறி உலகம் பூரா இசைக்காரங்க மனப்பாடம் பண்ணிட்டாங்க. மூணு கார்டு யாரும் வாசிக்கலாம்னா, வாசிக்கத் தெரிஞ்ச இவங்களே ஏன் இந்தப் பாடு பட்டாங்க? சொல்லுங்க கத்திரிக்காய்... மன்னிக்கணும், சொல்லுங்க ஐயா!

நடுவர் கடிகாரம் பார்க்கிறார். நான் ஆளுக்குத்தான் வாதாடிட்டேன்னு எதிரணி கைதட்டுது. தட்டுங்க, பரவாயில்லை.

ரெஜ் பிரெஸ்லி தொழில்ல கொத்தனார். 1966ல வைல்ட் திங் இங்கிலாந்துல முதல் பத்து இடத்துக்குள்ள நுழையிற வரைக்கும் கரணையைக் கீழ வைக்கலை. கொத்தனார் நூல் பிடிச்சுச் செங்கல் வைப்பார். பாதியில ஒருத்தர் இறங்கிப் போனா அடுத்தவர் அதே நூல்ல வைப்பார். எந்தக் கல் யார் வச்சதுன்னு சுவர் சொல்லாது. 1972ல போன பிரிட்டன் 1979ல திரும்பி வந்து அதே நூல்ல நின்னார். ரெஜ் எழுதின 'லவ் இஸ் ஆல் அரவுண்ட்' பாட்டை 1994ல வெட் வெட் வெட் குழு பாடி 15 வாரம் முதலிடத்துல வச்சுது. வந்த பணத்துல கொத்தனார் மாளிகை கட்டலை, கோதுமை வயல்ல விழுகிற வட்டங்களை ஆராயப் போயிட்டார்!

ரோனி பாண்ட் 1992ல கண்ணை மூடினார். 2012 ஜனவரியில ரெஜ், நுரையீரல் புற்றுநோய், இனிப் பாட முடியாதுன்னு ரசிகர்களுக்குச் சொல்லி விலகினார். 2013 பிப்ரவரி 4, அவரும் போயிட்டார். மேடையில வேற ஒருத்தர் பாடினார். பக்கத்துல கிட்டாரோட, அந்த நாலு பேர்ல குழுவுல மிஞ்சின ஒருத்தர், பிரிட்டன்.

எதிரணி ஐயா, அந்த ஜி வருது, ஏ வருது, கிட்டார் நிக்குது. அந்த மௌனத்துல யார் குரல் கேட்கும்னு பிரிட்டன்கிட்ட போய்க் கேளுங்க.

மணி அடிச்சாச்சு. வணக்கம்.